மனாங் புரிங்கின் ஓட்டை வாய்

எங்கள் லுனாய் கிராமத்தில் ஒரு சேதி ஊர் முழுக்கப் பரவ வேண்டுமானால் ஒலிபெருக்கியெல்லாம் தேவையில்லை. மனாங் புரிங்கின் காதில் போட்டுவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். மக்காச்சோளக் கஞ்சி கொதிக்கும் நேரத்துக்குள் அது கடற்கரைத் தெருவுக்குப் போய், அங்கே இரண்டு கை கால் முளைத்து, என் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

மனாங் என்று இங்கே அக்காமாரைக் கூப்பிடுவோம். முழுப் பெயர் புரிஃபிகாசியோன். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை முழுசாகச் சொன்னதில்லை. வயது ஐம்பத்திரண்டு. ரோஸ் நிறக் குடை, காதில் ஆடும் பெரிய வளையம், ஆள் வருவதற்கு முன்னால் வந்து சேரும் சிரிப்பு. ஊர் சுகாதார நிலையத்தில் அவர் தொண்டர், நான் மருத்துவச்சி. என் பெயர் நிம்ஃபா. பன்னிரண்டு வருஷமாக நான் ஊசி போடுகிறேன், அவர் ஆள் பிடித்துக் கொண்டுவருகிறார். இதில் எது கஷ்டமான வேலை என்று கேட்டால் முன்பெல்லாம் என் வேலைதான் என்று சொல்லியிருப்பேன்.

அவர் ஆள் பிடிக்கிற விதமே தனி. ஒரு வீட்டுக்குள் போனால் ஊசி என்ற பேச்சையே எடுக்க மாட்டார். முதலில் அடுப்பில் என்ன என்று எட்டிப் பார்ப்பார். பிறகு எந்த வீட்டுப் பெண் யாரோடு படகில் ஏறிப் போய்விட்டாள் என்று ஆரம்பிப்பார். கதை சூடு பிடித்து, மாமியார் அரிவாளைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடுகிற இடத்தில் சட்டென்று எழுந்து குடையை விரித்துவிடுவார்.

"ஐயோ மனாங், அப்புறம் என்ன ஆச்சு?"

"மீதிய புதன்கிழமை சொல்றேன். குழந்தையத் தூக்கிக்கிட்டு சுகாதார நிலையத்துக்கு வா."

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதிக் குழந்தைகள் போலியோவிலிருந்து தப்பியது அந்த மாமியாரின் அரிவாளால்தான்.

வராதவர்களும் இருந்தார்கள். மாதாந்திரப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் எல்லோருக்கும் சேர்த்து 'பிடிவாதம்' என்று எழுதி அனுப்பிவிடுவேன். எனக்குப் பொறுமை கம்மி, ஒத்துக்கொள்கிறேன். மனாங்தான் ஒவ்வொரு பிடிவாதத்துக்கும் உள்ளே புகுந்து பார்ப்பார். கடற்கரைத் தெருப் பெண்கள் புருஷன் கடலில் இருக்கும்போது பிள்ளைக்கு ஊசி போட மாட்டார்கள். காய்ச்சல் வந்து ஏதாவது ஆனால் பழி தங்கள் தலையில் விழும் என்ற பயம். அவர்களைப் படகு கரையேறுகிற நாளில் பிடித்தார். கரும்பு வெட்டுகிற பெண்களுக்கு ஊசியைவிட மறுநாள் பிள்ளை சிணுங்குவதுதான் பிரச்சினை. வேலைக்குப் போக முடியாதே! அவர்களுக்குச் சனிக்கிழமை. வெயிலில் வந்து உடம்பு சூடாக இருக்கும்போது குளிர்ந்த ஊசி பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று பயந்த ஒருத்தியை முக்கால் மணி நேரம் மாமரத்தடியில் உட்காரவைத்து விசிறிவிட்டார். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி எல்லோரும் வழிக்கு வந்தார்கள், டூலோவின் வீட்டு வரிசையைத் தவிர.

டூலோ கட்டுச்சேவல் வளர்க்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்கழிச்சல் வந்து இந்தக் கரை முழுக்கக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, அவன் முற்றத்தில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. அன்றிலிருந்து அந்த வரிசையில் எட்டு வீட்டுக்கும் நோய் நொடி விஷயத்தில் அவன் சொல்வதுதான் சட்டம். எட்டு வீட்டிலும் எட்டுக் கைக்குழந்தைகள். ஒன்றுக்கும் தட்டம்மை ஊசி போடவில்லை, ஏனென்றால் டூலோ தன் மகளுக்குப் போடவில்லை.

அந்த மகள் தியோமெர்லின். தியோடூலோவில் பாதி, அம்மா மெர்லிண்டாவில் பாதி. எங்கள் ஊரில் பெயர் வைப்பதே இப்படித்தான். பத்து மாதம், தொடையில் நாலு மடிப்பு. மனாங்குக்கு ஊரில் முப்பத்தேழு ஞானப்பிள்ளைகள், ஆனால் இவள் என்றால் உயிர். காது வளையத்தைப் பிடித்துத் தொங்குவாள். மனாங் வலியில் கத்திக்கொண்டே முத்தம் கொடுப்பார்.

அந்த ஏப்ரல் கடைசியில் பக்கத்து டவுனில் தட்டம்மை வந்தது. மே பதினைந்து எங்கள் ஊர்த் திருவிழா. ஊரைக் காக்கும் புனிதர் சான் இசித்ரோவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சொந்தபந்தம் வரும். வருகிறவர்கள் எல்லோரும் குழந்தைகளைத் தூக்கி மூச்சு முட்டக் கொஞ்சுவார்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே டூலோ வீட்டுக்குப் போனேன்.

அவன் கேட்டைத் திறந்தான், கண்ணாடியை மாட்டினான். "குப்பியக் காட்டுங்க மேடம். இது எத்தன மணிக்குக் கலக்குனது?"

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. கோழிக்காரன்."

"அப்போ கோழியப் பாருங்க. இத நாங்க பாத்துக்கறோம்."

கேட்டைச் சாத்திவிட்டான். அதுவும் மரியாதையாக, மெதுவாக, தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

திரும்பி வரும் வழியில் மனாங் குடைக்குள்ளிருந்து சொன்னார்: "இந்தாய், அவன் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலையே." இந்தாய் என்றால் அவருக்கு நான் தங்கச்சி, செல்லமாகவும் உண்டு, திட்டாகவும் உண்டு. இது திட்டு.

"அவனுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

"கேட்டானே, அதுக்குத்தான்."

அதன் பிறகு ஒரு வாரம் தினமும் மனாங் டூலோ வீட்டில்தான். அவன் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது பிடித்துக்கொடுத்தார். எழுபது குஞ்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் வம்பு. கடைசியில், "திருவிழா அன்னைக்குப் பத்து மணிக்கு வாங்க. குப்பியப் பாப்பேன். திருப்தியா இருந்தா போடலாம், இல்லன்னா வெளிய போக கேட் இருக்கு" என்று அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டார். அந்தச் சேதியும் டூலோ வீட்டுக் கேட்டைத் தாண்டுவதற்குள் எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

திருவிழா காலை. மாதா கோவில் பக்கத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். முடி வெட்டுகிற நெஸ்டோரின் இரட்டைக் குழந்தைகள் வந்தார்கள். அவர்களுக்காக ஒரு குப்பியைத் திறந்து, பொடியில் நீரைக் கலந்தேன். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. இரட்டையர் போக மீதி எட்டு. டூலோ வரிசையில் எட்டு! சான் இசித்ரோவே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி எனக்குப் பூரிப்பு. மனாங் குப்பியில் நேரத்தை எழுதி ஒட்டினார். ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினோம்.

கோவிலிலிருந்து டூலோ வீடு கால் மணி நேர நடை. நாங்கள் போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

திருவிழா நாளில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்காது. வாசலைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே இழுத்துச் சாப்பாடு போடுவார்கள். மாட்டேன் என்றால் ஏழு தலைமுறைக்குப் பகை. அதிலும் மனாங் புரிங் ஒரு வீட்டைத் தாண்டிச் சாப்பிடாமல் போனால், என்ன கோபமோ என்று ஊர் மாநாடு கூடிவிடும். முதல் வீடு ஊர்த் தலைவர் வீடு. "ஒரே ஒரு வாய்தான்" என்று உள்ளே போனோம். முழுப் பன்றியைச் சுட்டுக் கிடத்தியிருந்தார்கள். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டாவது வீட்டில் ஓலைப் பொட்டணச் சோறும் நண்டும். மூன்றாவது வீட்டில் நாம் பாடினால் மதிப்பெண் போடுகிற கரோக்கே பெட்டி வைத்திருந்தார்கள். மனாங் ஒரு பாட்டுப் பாடினார். பெட்டி தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டது. நூறு எடுக்காமல் நகர மாட்டேன் என்று இன்னும் நான்கு பாடினார்.

"மனாங், டூலோ காத்துக்கிட்டிருப்பான்!"

"இரு இந்தாய், இது கடைசி. இந்த மெட்டு என் தொண்டைக்குன்னே போட்டது."

எல்லாப் பழியையும் அவர் மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் நாலாவது வீட்டில் நூடுல்ஸை மூன்றாம் முறை போடச் சொன்னது நான். வழியில் இரண்டு வீட்டில் ஐஸ் கட்டி வாங்கிப் பெட்டியில் மாற்றினேன். மருந்து ஜில்லென்று இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

டூலோ முற்றத்தில் எட்டுத் தாய்மாரும் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து மூன்று தடவை வந்துவிட்டுப் போனார்களாம். சேவல்கள் ஒவ்வொன்றும் தன் கூரைக் குடிலில் நின்று கத்திக்கொண்டிருந்தன. தாய் மெர்லியின் இடுப்பில் தியோமெர்லின் புதுக் கவுனில் எச்சில் வழியச் சிரித்தாள். மனாங்கைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

டூலோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்பியை வாங்கினான்.

"எத்தன மணிக்குக் கலக்குனது மேடம்?"

அப்போதுதான் என் மூளையில் மணி அடித்தது. கலந்துவிட்டால் ஆறு மணி நேரம்தான். அதற்கு மேல் அதைப் போடக் கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். அவன் கையில் ஒட்டுத்தாள் என் பக்கம் திரும்பியிருந்தது, எழுத்து அவனுக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 'பத்து மணிக்கு' என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வாரம் பாடுபட்டு எட்டுக் குழந்தைகளைச் சேர்த்திருக்கிறோமே!

"காலைல எட்டு பத்துக்கு!" என்றார் மனாங், குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே. "நெஸ்டோரோட ரெட்டைங்களுக்குத் தொறந்தோம். நான்தான் எழுதி ஒட்டுனேன். பாரு, என் கையெழுத்து எவ்ளோ அழகா..."

அங்கே நிறுத்தினார். அவருக்கும் கணக்குத் தெரியும். விரலை மடக்கிப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

டூலோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இப்போ மணி ரெண்டே முக்கால். இது எவ்ளோ நேரம் தாங்கும்?"

முற்றமே என்னைப் பார்த்தது.

"ஆறு மணி நேரம்," என்றேன். "இது ஆகாது, மனோங். நேரம் தாண்டிடுச்சு. என் தப்பு. இத யாருக்கும் போட மாட்டேன்."

குப்பியை அவன் கையிலிருந்து வாங்கிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். முகம் தீயாக எரிந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக அவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன் என்பதே அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மனாங் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். "இந்த வாயத் தச்சுப் போடணும்! கோணி ஊசி எங்க இருக்கு மெர்லி?"

டூலோ சிரித்தான். மெதுவாக ஆரம்பித்து, தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தான்.

"கோழி மருந்து ரெண்டு மணி நேரம்தான் மேடம். தாண்டுனா நானும் தூக்கிப் போட்டுடுவேன். ஆனா அரசாங்கச் சட்டை போட்ட ஒரு அதிகாரி 'இது ஆகாது, என் தப்பு'ன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்." பிறகு, "வேற குப்பி இருக்கா?" என்றான்.

சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் திறக்காத குப்பி இருந்தது. சாவியை நீட்டினேன். டூலோ மோட்டார் சைக்கிளை உதைத்தான். "ஏறுங்க மனாங்!"

அந்தப் பயணத்தைப் பற்றி மனாங் இதுவரை பதினோரு விதமாகச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன். போகும்போது ஒரு தடையும் இல்லை. குப்பியோடு திரும்பும்போது சாமி ஊர்வலம் சாலையை அடைத்துவிட்டது. முந்த முடியாது, சாமிக்கு முன்னால் போவது மரியாதையில்லை. டூலோ வண்டியை அணைத்து, ஊர்வலத்தோடு தள்ளிக்கொண்டே நடந்தான். மனாங் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஏதோ காணிக்கை என்று நினைத்த ஒரு பெரியவர் பெட்டிக்கு மாலை போட்டார். இன்னொருவர் தொட்டுக் கும்பிட்டார். ஊர்த் தலைவரின் மனைவி தட்டோடு குறுக்கே வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மனாங்!" என்றாள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மனாங் புரிங், "வேண்டாம்" என்றார். அந்த அம்மாள் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

நாலு மணிக்கு வந்து சேர்ந்தார்கள், பெட்டி கழுத்தில் சாமந்தி மாலையோடு.

இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை, எதற்கும் அவசரப்படவில்லை. குப்பி மூடியில் வட்டத்துக்குள் இருக்கிற சின்னச் சதுரத்தைக் காட்டினேன். சூடு பட்டுக் கெட்டால் சதுரம் கறுத்துப்போகும், இப்போது வெளுப்பாக இருக்கிறது, நல்ல மருந்து என்றேன். டூலோ அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பொறாமையில் அவன் குரலே மாறிவிட்டது. "கோழி மருந்துல இது இல்லையே மேடம்! மனுஷனுக்குன்னா எல்லா வசதியும் பண்ணிடறானுங்க!"

அவனே ஒவ்வொரு தாயிடமும் கொண்டுபோய்க் காட்டினான். ஒவ்வொருத்தியும் கேள்வி கேட்டாள். காய்ச்சல் எத்தனை நாள், தாய்ப்பால் கொடுக்கலாமா, சளி இருந்தால் போடலாமா, போட்ட இடம் வீங்கினால் என்ன செய்வது. எட்டுப் பேருக்கும் எட்டுத் தடவை பதில் சொன்னேன். தொண்டை வறண்டது. மனசில் மட்டும் அப்படி ஒரு துள்ளல். அவர்கள் கண் முன்னால் மருந்தைக் கலந்தேன். டூலோ சாக்கட்டியால் மூங்கில் தூணில் '4.12' என்று எழுதி, கீழே '10.12' என்று எழுதிக் கோடு போட்டான்.

"யாரு மொதல்ல?" என்றேன்.

தியோமெர்லினை அவன்தான் வாங்கினான். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, கால் இரண்டையும் விரலிடுக்கில் இறுக்கிக்கொண்டு நின்றான்.

"சேவல் கோதாவுக்கா கொண்டுபோறீங்க மனோங்? உக்காந்து மடில வெச்சுக்கோங்க."

ஊசி போய் வந்தது. அவள் ஒரு கணம் யோசித்தாள், பிறகு போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல், அறுபது சேவலும் வாயடைத்து நின்றன. முற்றமே சிரித்தது. அவளுக்குப் பின்னால் ஏழு. ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. எனக்கு ஆடலாம் போல இருந்தது, மனாங் ஆடியே விட்டார்.

பெட்டியைக் கட்டும்போது டூலோ பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தான் போல.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி டெங்கு ஊசி போட்டாங்கல்ல. எங்க பெரியவ ஜெனிமெருக்குப் போட்டது. நான்தான் கூட்டிட்டுப் போனேன்." தரையில் சாக்கட்டியால் கிறுக்கிக்கொண்டே பேசினான். "அன்னைக்கு நான் எதையும் கேக்கல. குப்பியப் பாக்கல. கோழிக்கு ஆயிரம் கேள்வி கேக்கறவன், பொண்ணுக்கு ஒண்ணு கேக்கல. அப்புறம் டிவில, சிலருக்கு அது ஆகாது, டெங்கு வந்தா ஆபத்துன்னு சொன்னாங்க. அன்னைலேருந்து அவ தும்முனாக்கூட எனக்குத் தூக்கம் போயிடும். நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். மெர்லிக்குக்கூடத் தெரியாது."

பிடிவாதம். அவன் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் நான் எழுதி அனுப்பிய வார்த்தை அது.

"அந்த ஊசிக்கு முன்னாடி அவளுக்கு எப்பவாவது டெங்கு வந்திருக்கா, மனோங்?"

"வந்துச்சே. ஏழு வயசுல. ரத்தம் எடுத்துப் பாத்து டெங்குன்னாங்க. ஒரு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தா. சீட்டுகூட வெச்சிருக்கேன்."

ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தான். வாசித்தேன். இன்னொரு தரம் வாசித்தேன்.

"அப்போ டிவில சொன்ன அந்த ஆபத்து இவளுக்கு இல்ல. முன்னாடி டெங்கு வராத பிள்ளைங்களுக்குத்தான் அது. ஏற்கெனவே வந்தவங்களுக்கு அந்த ஊசி நல்லதுதான் பண்ணும். இவளுக்கு நல்லதுதான் நடந்திருக்கு."

"நெசமாவா மேடம்?"

"நெசம்."

"ரெண்டு வருஷமா..." என்றான். ரெண்டு வருஷமும் இந்தப் பதில் என்னிடம் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்தேன். அவன் கேட்டால்தானே சொல்ல முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அவன் கேட்டபோது கோழியைப் பார் என்று சொன்னவள் நான். எனக்கு அழுகை வந்தது. பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மனாங் முந்திக்கொண்டு அழுதார்.

டூலோ எழுந்தான். "ஜெனிமெர் எங்க?" என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்து மெர்லியிடம் கேட்டான்.

"கோவில் மைதானத்துல. அவங்க கோஷ்டி நடனம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கும். ஏன்?"

செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினான். அவன் பின்னால் மனாங், அவர் பின்னால் நான். மைதானத்தில் பட்டுப் பாவாடை கட்டிய நாற்பது பிள்ளைகள் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், நடுவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டூலோ கயிற்றைத் தாண்டி நேரே நடுவில் புகுந்து, மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். மேளம் தடுமாறியது.

"அப்பா! விடுங்கப்பா!" தலையில் வைத்த இறகெல்லாம் சரிய, அவள் அவன் தோளைக் குத்தினாள். "மார்க்கு போயிடும்! எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்," என்றான் டூலோ. அவளை இறக்கவே இல்லை.